வித்யா பாலனின் அந்தப் பத்து வருடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் இந்தி நடிகை வித்யா பாலன் பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 2005-இல் ‘பரிணீதா’ வந்ததும் ஒரே படத்தில் உச்சிக்குப் போய்விட்டார் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய பத்து வருடம் எங்கே போனது?

மும்பையில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். 1995-இல் ‘ஹம் பாஞ்ச்’ என்ற இந்தி டிவி தொடரில் பெரிய கண்ணாடி மாட்டிய ராதிகாவாக வந்தவர், அப்புறம் சமூகவியல் படித்தார், மோகன்லாலுடன் நடிக்கத் தொடங்கிய மலையாளப் படம் பாதியில் நின்றுபோனது, அதற்கு இந்தப் பெண்ணின் ராசிதான் காரணம் என்று முத்திரை குத்தி அடுத்தடுத்த வாய்ப்புகளையும் பிடுங்கினார்கள். தமிழிலும் படங்களிலிருந்து நீக்கினார்கள். படம் நின்றால் நடிகைதான் ராசியில்லாதவர், நாயகன் ஒருபோதும் கிடையாது!

‘கஹானி’யை (2012) ஒரே வரியில் தாண்டியதும் சரியில்லை. கர்ப்பிணியாகக் கல்கத்தாவில் வந்து இறங்கி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு டாக்ஸியில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் அந்த ஆரம்பத்திலேயே அவர் நம்மை முழுதாக நம்ப வைத்துவிடுகிறார், பெரிய நாயகன் யாரும் இல்லாமல் அந்தப் படம் ஓடியதற்கு அதுதான் காரணம் என்பேன். சில்க் ஸ்மிதாவை நினைவூட்டிய ‘தி டர்ட்டி பிக்சர்’ தேசிய விருது வாங்கித் தந்தது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இவ்வளவுக்கும் பிறகு தமிழ்ப்படத்தில் அவரைப் பார்க்க 2019 வரை காத்திருந்தோம். கிடைத்தது ‘நேர்கொண்ட பார்வை’யில் அஜித்தின் மனைவி வேடம், அதுவும் சில காட்சிகள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்