தொல்பல்லிக்காக வனத்துறைக்கு ஒரு மடல்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கொடைக்கானலில் ஓர் இரவு, சோலைக்காட்டை ஒட்டிய பாதையில் டார்ச் அடித்தபடி நடந்துகொண்டிருந்தேன். பாசி படர்ந்த ஒரு மரத்தில், முகத்துக்கு நேரே, பழுப்புநிறப் பல்லி ஒன்று அசையாமல் ஒட்டியிருந்தது. வீட்டுப்பல்லியின் முதுகில் ஆங்காங்கே தெரியும் சிறு முடிச்சுகள் இதற்கு இல்லை. நுண்மணலைத் தூவித் தேய்த்ததுபோல் முதுகு முழுதும் ஒரே சீராக இருந்தது. வீட்டுப்பல்லி ஜன்னல் கண்ணாடியில் ஏறும்போது மறுபுறமிருந்து பார்த்தால், அதன் விரலடி மடிப்புகள் இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். இந்தப் பல்லிகளுக்கு அவை பிளவுபடாதவை.

இதன் அறிவியல் பெயரிலேயே தமிழ் இருக்கிறது: டிராவிடோகெக்கோ தொல்பல்லி. 1875-இல் விலங்கியலாளர் குந்தர் இதன் உறவான ஆனைமலைப் பல்லியை விவரித்தார். அதன்பின் 144 ஆண்டுகள், இந்த வகைப் பல்லிகளில் அந்த ஓர் இனம் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 2019-இல் சைதன்யா, வரத் கிரி, தீபக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இவ்வகையில் ஆறு புதிய இனங்களை ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். கொடைக்கானலுக்குத் தொல்பல்லி, மேகமலைக்கு அதன் பெயரிலேயே ஒன்று. இன்னொன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரைச் சூட்டினார்கள். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

நான் கவலைப்படுவது இதனால்தான். ஒரு மலையில் பல்லி அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து கொண்டுவந்து விட முடியாது. அங்கே வாழ்வது வேறு இனம்.

அந்நிய மரங்களை அகற்றிச் சோலைகளை மீட்கும் வேலையை நீங்கள் கையில் எடுத்திருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் பழனி மலையில் பல இடங்களில், வாட்டில் எனப்படும் அந்நியச் சீகை மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே ஒரே மூச்சில் மொட்டையடித்தால் கன்றுகள் வெயிலில் கருகும். அந்த மரங்களில் இரவில் என்னென்ன உயிர்கள் உலவுகின்றன என்பதை வெட்டுவதற்கு முன் யாராவது போய்ப் பார்க்கிறார்களா?

யானைக்கும் புலிக்கும் முறையாகக் கணக்கெடுப்பு நடத்துகிறீர்கள். மரம் வெட்டும் ஒவ்வொரு பகுதியிலும், வேலை தொடங்குமுன் சில இரவுகளும், முடிந்தபின் சில இரவுகளும் பல்லிகளை எண்ண ஏற்பாடு செய்யுங்கள். பெரிய செலவு ஆகாது. டார்ச், நோட்டுப் புத்தகம், படம் எடுக்க ஒரு கைபேசி போதும். உங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் காட்டை இருட்டிலும் அறிந்தவர்கள். எந்த மரத்தில் எது ஒட்டியிருக்கும் என்று அவர்களைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். எண்ணியதை மாவட்டவாரியாக, தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அடுத்த மரம் வெட்டும் ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுகிறேன். எண்ணுவதற்கு ஆள் குறைந்தால் அழையுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
மலைக்காட்டில் இரவு நடக்கும் ஒருவன்