பகடையை எல்லாரும் பார்க்க உருட்டு

அன்புத் தங்கைக்கு,

உன் நண்பர்களுக்கு நீயே டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக இருந்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் கேம்பெயின் ஒன்றை, அதாவது நீண்ட தொடர்கதையைத் தொடங்கப்போகிறாய் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். எல்லாரும் தங்களை மாவீரர்களாக உணர வேண்டும், ஆகவே எந்தக் கதாபாத்திரமும் சாகாது, ஆபத்து முற்றும் நேரத்தில் என் முன் நிறுத்தும் தடுப்புத் திரைக்குப் பின்னால் பகடை எண்ணை மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று நீ எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். புதிதாக விளையாட்டு நடத்த வரும் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்த விளையாட்டு பிறந்தபோது அதில் வீரத்துக்குப் பெரிய இடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த முதல் பதிப்பில், புதையலாகக் கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும், பாத்திரத்தை அடுத்தடுத்த நிலைக்கு உயர்த்தும் ஒரு அனுபவப் புள்ளி கிடைத்தது. அடிபடும்போது குறையும் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தால் மரணம். முதல் நிலையில் இருப்பவர் ஒரே அடியில் சாகக்கூடும். அப்படிப்பட்ட விதிகளின்கீழ் புத்தியுள்ளவன் அரக்கனோடு மோதமாட்டான். அரக்கன் உறங்கும்வரை காத்திருந்து புதையல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். சண்டைக்காரன் நான்காம் நிலையை எட்டினால் ‘ஹீரோ’ என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, தங்கத்துக்குப் புள்ளி தரும் வழக்கத்தை விருப்ப விதியாக ஒதுக்கியது. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைத்தான் ஆடுபவர்கள் செய்வார்கள். உன் மேசையிலும் அப்படித்தான் நடக்கப்போகிறது.

நீ நடத்தப்போகும் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்தது, உன் இரக்கத்தை ஏற்கெனவே தனக்குள் வைத்திருக்கிறது. உயிர்ப்புள்ளி பூஜ்யமானவர் பெரும்பாலும் உடனே சாவதில்லை. மயங்கி விழுந்து, தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றிகள் சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்விகள் சேர்ந்தால் முடிந்தது. இந்த விதியின் அழகு, விழுந்தவரைவிட நின்றுகொண்டிருப்பவர்களிடம்தான் வெளிப்படுகிறது என்பேன். தோழிக்கு இரண்டு தோல்விகள் ஆகிவிட்டன, எதிரே கோடரியுடன் பூதம் நிற்கிறது, அவளருகே ஓடினால் முதுகில் அடி விழும் என்று தெரிந்தும் ஒருவன் ஓடுகிறானே, அந்தக் கணத்தை எந்த மாயவாளும் தராது. ஆனால் நீ எப்படியும் அவளைக் காப்பாற்றிவிடுவாய் என்பது மேசைக்குத் தெரிந்துவிட்டால் யாரும் ஓடமாட்டார்கள். பூதத்தை வெட்டுவதே இலாபம் என்று கணக்குப் போடுவார்கள். தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஆடுபவர்கள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்காகக் கண்ணுக்குத் தெரியாத பொறி வைத்துக் கொல்லச் சொல்லவில்லை. அப்படிச் சாவது விபத்து. அதில் ஆடுபவரின் தேர்வு எதுவும் இல்லை. பகடை உருள்வதற்கு முன்பே ஆபத்தைச் சொல்லிவிடு: இந்தப் பாலம் இரண்டு சுற்றுகளில் அறுந்துவிடும், அக்கரையில் குழந்தை நிற்கிறது, 15க்குக் கீழே வந்தால் நீயும் விழுவாய், என்ன செய்கிறாய்? அவர் யோசிக்கட்டும், பைக்குள் என்ன இருக்கிறது என்று தேடட்டும். 2025 ஜூலை 26ஆம் தேதி சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கி ஒரு பெண் காருடன் பள்ளத்தில் விழுந்தபோது, பக்கத்து வேலையிடத்தில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு போட்டு அவரை மேலே இழுத்தது உனக்கு நினைவிருக்கும். மண் மேலும் சரியக்கூடும் என்பது அங்கே நின்ற எவருக்கும் தெரியும். நம் விளையாட்டின் பொருட்பட்டியலில் ஐம்பது அடிக் கயிறு ஒன்று உண்டு. அதை வாங்கிச் சுமக்கும் ஆட்டக்காரரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

தப்பி ஓடுவதும் உண்மையான வழியாக இருக்க வேண்டும். ஓடினால் கதை முடிந்துவிடும் என்ற நிலையில் நின்று போரிடுபவன் உன் கதைக்குக் கீழ்ப்படிகிறான், அவ்வளவுதான். கிரெக் ஸ்டாஃபர்ட் 1985இல் வெளியிட்ட பென்ட்ராகன் என்ற இதே வகை விளையாட்டில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் துணிவுக்கு ஓர் எண், கோழைத்தனத்துக்கு ஓர் எண்; இரண்டையும் கூட்டினால் இருபது வரும். சில வேளைகளில் பகடையே மாவீரனை நடுங்க வைத்துவிடும். ஆர்தர் மன்னனின் கதைக்கு அது மிகப் பொருத்தம் என்றாலும், முதல்முறை நடத்துபவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அஞ்சுவதா வேண்டாமா என்பதை ஆடுபவரே சொல்லட்டும்.

இன்னொன்று, உலகம் அழியப்போகிறது என்று தொடங்காதே. உலகத்தைக் காப்பாற்றாமல் யார்தான் வீட்டுக்குப் போவார்? தமிழ்நாட்டின் செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல, கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போராடி மாண்டவர்களுக்காக நிறுத்தப்பட்டவை. ஓர் ஊரின் மாடுகள், அந்த ஊரில் பால் கேட்டு அழும் பிள்ளை, மாடு மேய்த்தவரின் பெயர் இவை போதும். தன் பாத்திரம் எதற்காக உயிரைப் பணயம் வைக்கிறது என்பது ஆடுபவருக்குக் கண்முன்னே நிற்கும்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே, சாவு உண்டு என்பதை எல்லாரிடமும் பேசிவிடு. யாராவது தன் பாத்திரத்தை இழக்கத் தயாராக இல்லையென்றால் வற்புறுத்தாதே. கை போகலாம், குலவாள் போகலாம், கொடுத்த வாக்கு உடையலாம், இழப்புக்கு வேறு வழிகள் உண்டு. தேசிய சேவையில் இருக்கும் நண்பர்கள் வர முடியாத வாரங்களில் அவர்களுடைய பாத்திரங்களை ஊரிலேயே விட்டுவிடு, ஆபத்தில் நிறுத்தாதே. திரையைக் குறிப்புகளை மறைக்க மட்டும் வைத்துக்கொள். புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் விளிம்புள்ள தட்டு ஒன்றை எடுத்துப் போ, இல்லையென்றால் பகடை உருண்டு வடிகாலுக்குள் போய்விடும்.

அன்புடன்,
உன் அண்ணன்