குளிரில் வெளுத்துப்போகும் திரவம் பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிசம்பர், ஜனவரி வந்தால் மலைநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரே முறைப்பாடு. எங்களிடம் வாங்கிய எஸ்.எல்.எஸ். போட்டுச் செய்த பாத்திரம் கழுவும் திரவம், விடியும்போது பால்போல் வெளுத்து, போத்தலின் அடியில் படிந்து கிடக்கிறதாம். தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். அது பழுதாகவில்லை.

எஸ்.எல்.எஸ். என்பது சோடியம் லோரில் சல்பேற்று. அதன் மூலக்கூறில் தண்ணீரை நாடும் கந்தகத் தலையும் எண்ணெயை நாடும் காபன் வாலும் உண்டு. லீற்றருக்கு ஏறத்தாழ 2.4 கிராமைத் தாண்டினால் வால்களை உள்ளே ஒளித்துத் திரளத் தொடங்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் தூக்கிச் செல்வது அந்தத் திரள்தான். ஆனால் திரள்வதற்குக் கொஞ்சம் சூடு வேண்டும். சுத்தமான சரக்குக்கு அந்த எல்லை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கிராப்ட் வெப்பநிலை என்பார்கள். அதற்குக் கீழே பளிங்காகப் படிந்துவிடும். கொழும்பில் அவ்வளவு குளிர் ஏது? நுவரெலியாவில் அந்த மாதங்களில் விடியற்காலை 10 பாகைக்குக் கீழே போவது வழக்கம்.

புறக்கோட்டைக் கடைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலும் இதை அளக்கிறோம். நூற்றுக்கு ஒரு பங்கு கரைசலை ஓரிரவு பிரிட்ஜில் வைத்து நன்றாகப் படியவிடுவோம். அப்புறம் கலக்கிக்கொண்டே மெல்லச் சூடாக்கி, மின்கடத்துதிறன் மீற்றரைக் கவனிப்போம். பளிங்கு கரையக் கரைய எண் விறுவிறுவென ஏறும்; வெண்மை நீங்கித் தெளிகிற இடத்தில் ஏற்றம் தணியும். அந்த வெப்பநிலையைத்தான் பையின் லேபலில் எழுதுகிறோம். குளிரவைத்துக்கொண்டே அளந்தால் சரிவராது, எல்லைக்குக் கீழே போன பிறகும் திரவம் வெகுநேரம் தெளிவாகவே நிற்கும். 14 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் கூடுதலாகக் கலந்த சரக்கில் எல்லை உயர்ந்திருக்கும். அதை மலைநாட்டுக்கு அனுப்ப மாட்டோம்.

வெளுத்த போத்தலைச் சுடுதண்ணீர் வாளியில் வைத்து மெதுவாக ஆட்டுங்கள், தெளிந்துவிடும். மேலதிகமாக எஸ்.எல்.எஸ். சேர்த்தால் படிவுதான் கூடும். கெட்டியாகட்டும் என்று உப்பைக் கொட்டினால் எல்லை இன்னும் ஏறும். தேசிக்காய்ச் சாறு விட்டு நாட்கணக்கில் வைப்பது இவற்றிலும் மோசம்: அமிலத்தில் மூலக்கூறே மெல்ல உடைந்துபோகும், எவ்வளவு சூடாக்கினாலும் திரும்பாது.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் வேறு விடயம். அங்கே கல்சியத்தோடு சேர்ந்து படிவதால் எல்லை 50 பாகை வரை போகும், மழைநீரில் கரையுங்கள்.

மலைநாட்டில் தொடர்ந்து செய்பவர்களுக்கு எஸ்.எல்.ஈ.எஸ். (சோடியம் லோரெத் சல்பேற்று) பசைதான் பொருத்தம். தண்ணீர் உறையும் அளவு குளிரிலும் அதில் செய்த திரவத்தில் பளிங்கு படியாது. கேட்டால் சிறிய மாதிரி ஒன்று தருகிறோம், முதலில் செய்து பாருங்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகம்,
புறக்கோட்டை, கொழும்பு