சிங்கப்பூரில் எதைப் பார்ப்பது: பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடிந்துவிட்டது. கீழ்வயலில் தெளித்த உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் படி ஏற வேண்டுமென்றால் முனகுகிறாள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். இருபது இடத்துக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது. வேண்டியதற்கெல்லாம் டிக் போட்டு அனுப்பச் சொன்னாய். டிக் போட்டு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பாதியில் போனை வாங்கி, குழந்தை சாப்பிட்டானா என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

முதலில் தேதி. மாப்பிள்ளை ஜூனில் வரச் சொல்கிறார், சின்னவனுக்கு அப்போது நாலு வாரம் லீவு என்று எழுதியிருந்தாய். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள். திறக்கிறார்களோ இல்லையோ, அந்த மாதம் முழுக்க எனக்கு அணையின் நீர்மட்டம்தான் நினைப்பு. வாய்க்கால் தூர் வாருவதும் அப்போதுதான் நடக்கும். பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால் மேலாகச் சுரண்டிவிட்டுப் போய்விடுவார்கள். மார்ச் நடுவில் அவனுக்கு ஒரு வாரம் விடுமுறை வருமே, அதில் வருகிறோம். உளுந்து எடுக்கப் பங்குனிக் கடைசி ஆகும், அதற்குள் திரும்பிவிடலாம்.

ஒரு வாரம் என்றாலும் வருகிற நாளும் கிளம்புகிற நாளும் கணக்கில் சேராது. அம்மாவை வைத்துக்கொண்டு காலையில் ஒரு இடம், வெயில் இறங்கியதும் ஒரு இடம், அவ்வளவுதான் முடியும். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்க வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பக்கம் மட்டும் என்று வைத்துக்கொள். காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே என்று ரயிலில் இழுத்தடிக்காதே.

நம் ஊரில் சிங்கப்பூர் போய் வராத வீடு எது? ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். பாதிப் பேர் ஜூரோங் பறவைப் பூங்காவைக் கட்டாயம் பார்க்கச் சொன்னார்கள். அது 2023 ஜனவரியில் மூடிவிட்டதே, அதே வருஷம் மண்டாயில் பேர்ட் பாரடைஸ் என்று புதிதாகத் திறந்தார்களே என்றால், நாங்கள் போனபோது இருந்தது என்கிறார்கள். எல்லோர் போனிலும் மெர்லயன் என்கிற சிங்கத்தலை மீன் சிலையின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற போட்டோ இருக்கிறது. அப்புறம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு இடத்தைப் பற்றி நமக்கு ஏற்கெனவே ஏதாவது தெரிந்திருந்தால்தான் அங்கே நின்று கேள்வி கேட்க முடியும் என்பது என் கட்சி. அப்படித்தான் பட்டியலை வடிகட்டினேன்.

நீ கடைசிக்கு முந்தி, ‘நேரம் இருந்தால்’ என்று போட்டிருந்த மெரினா பாரேஜ் என்கிற தடுப்பணைதான் எனக்கு முதல் இடம். சிரிக்காதே. அடப்பாற்றுக் கரையில் பிறந்தவனுக்கு அது என்னவென்று உனக்கே தெரியும். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டுகிறபோது நம் வயல் தண்ணீர் வடியாமல் நிற்பது எதனால்? கடல் ஏற்றத்தில் இருக்கும்போது ஆற்றுத் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. வற்றத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் தூக்க வேண்டும், ஏற்றம் வருவதற்குள் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அதற்குள் பயிர் மூழ்கி நாளாகிவிடும். இதே தலைவலி அந்த ஊரின் நடுவில் இருந்திருக்கிறது. சைனாடவுன் பக்கம் தாழ்வான இடம், பெரிய மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் வெள்ளம். 2008இல் முகத்துவாரத்தின் குறுக்கே 350 மீட்டருக்கு அணை கட்டி, ஒன்பது எஃகுக் கதவுகளை வைத்தார்கள். கடல் வற்றியிருக்கும்போது மழை வந்தால் கதவைச் சாய்த்துத் தண்ணீரை விட்டுவிடுவார்கள். கடல் ஏறியிருந்தால் கதவைத் திறக்காமல் பம்ப் போட்டு இறைப்பார்கள். ஏழு பம்புகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர். நம் கணக்கில் 1,400 கன அடி. ஏழும் ஓடினால் கிட்டத்தட்ட 9,900 கன அடி. மேட்டூரிலிருந்து பாசனத்துக்குப் பல நாள் அவ்வளவுதான் விடுகிறார்கள் என்று யோசித்துப் பார்.

அதோடு விஷயம் முடியவில்லை. கடலை வெளியே தடுத்துவிட்டதால் உள்ளே இருந்த உப்புத் தண்ணீர் மழையில் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீராகி, இப்போது குடிநீர் ஏரியாக இருக்கிறது. அந்த நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை அங்கே வந்து சேருகிறது. பக்கத்து நாட்டு ஜொகூரிலிருந்து குழாயில் தண்ணீர் வாங்குகிற ஊர் அது. 1962இல் போட்ட ஒப்பந்தம் 2061 வரை ஓடும். நமக்கும் காவிரிக்கு 1892, 1924 என்று ஒப்பந்தங்கள் உண்டு, அதற்கப்புறம் நடந்த வழக்கும் வாய்தாவும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே அவர்கள் முகத்துவாரத்தை மூடிக்கொண்டார்கள், அந்தச் சாமர்த்தியத்தை நேரில் பார்க்க வேண்டும். உள்ளே போகக் காசு கிடையாதாம். மேலே கூரையில் புல் வளர்த்து விட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் காற்றாடி விடுகிறார்களாம். சின்னவனுக்கும் பொழுது போகும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் நான் கதவுகளைப் பார்க்கிறேன், அவன் காற்றாடி விடட்டும். அங்கிருந்து பக்கத்திலேயே கார்டன்ஸ் பை தி பே. அந்தப் பெரிய இரும்பு மரங்களின் விளக்கு நிகழ்ச்சி இரவு 7.45க்கும் 8.45க்கும், அதுவும் இலவசம். அன்றைக்கு உண்டா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். கண்ணாடிக்கூடத்துக்குள் அருவி வைத்திருக்கிறார்களே, அதற்கு டிக்கெட் எடுப்பதானால் அம்மாவுக்கு மட்டும் எடு. உள்ளே குளிருமாம், சால்வை எடுத்து வரச் சொல்கிறேன்.

அடுத்தது சவுத் பிரிட்ஜ் ரோடு. அம்மாவின் பட்டியலில் மாரியம்மன் கோயில் முதலாவது. என் பட்டியலிலும் உண்டு, காரணம் வேறு. பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு 1819இல் வந்த நாராயண பிள்ளை 1827இல் ஏற்படுத்திய கோயில். அதைக் கட்டியதிலும் சுதை வேலையிலும் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து ஆட்களின் கை இருக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது அது நம் ஆள் வேலை என்று சின்னவனிடம் சொல்ல வேண்டும். அதே தெருவில் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல். அங்கிருந்து மெதுவாக நடந்தால் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. ஆமாம், நம் நாகூர் ஆண்டவர் பெயரில்தான், 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. இப்போது அதை மரபு மையமாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருதான் அந்தக் காலத்துக் கடற்கரை. பின்னால் மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். கப்பலில் வந்தவர்கள் உயிரோடு கரை ஏறியதற்கு அங்கேயே நன்றி சொல்லியிருக்கிறார்கள்: சீனர்கள் பக்கத்திலேயே தியான் ஹோக் கெங் கோயில் கட்டினார்கள், நம் ஆட்கள் தர்கா கட்டினார்கள். உனக்கு முதல் முடி நாகூரில்தான் இறக்கினோம், அதனால் அம்மாவுக்கு அங்கே போக இரட்டைச் சந்தோஷம். வெயிலுக்கு முன்னால் காலையிலேயே முடித்துவிட்டு மேக்ஸ்வெல் உணவு நிலையத்தில் சாப்பிடலாம். எனக்குச் சீனச் சாப்பாடு ஒத்துவராது என்று நீயாக முடிவு செய்யாதே. கோழிச்சோறு சாப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறேன்.

பொட்டானிக் கார்டனும் வேண்டும். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அம்மா ஆர்க்கிட் பூக்களைப் பார்க்கட்டும், அதற்கு மட்டும்தான் கட்டணம். எனக்கு அங்கே ரப்பர் மரம் வேண்டும். 1877இல் பிரேசில் ரப்பர்க் கன்றுகளை அங்கே கொண்டுவந்தார்கள். பிறகு ரிட்லி என்கிற வெள்ளைக்காரர் மரம் சாகாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற முறையை அந்தத் தோட்டத்தில்தான் பழக்கினார். அதைத் தொட்டுத்தான் மலாயா முழுக்க எஸ்டேட், எஸ்டேட்டுக்கு ஆள், ஆளுக்கு நம் கீழத்தஞ்சை. என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனது அந்தப் பால்வெட்டுக்குத்தான். அவர் எத்தனையோ நாள் கடலில் கிடந்து போன தூரத்தைத் திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்தில் பறந்து வரப்போகிறோம். அதிகாலையில் போனால் கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது.

அருங்காட்சியகம் ஒன்றே ஒன்று போதும், ஆசிய நாகரிக அருங்காட்சியகம். இந்தோனேசியாவில் பெலிதுங் தீவுப் பக்கம் மூழ்கிக் கிடந்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலை 1998இல் கண்டுபிடித்தார்களே, அதிலிருந்து எடுத்த சீனக் கிண்ணங்கள் அங்கே இருக்கின்றன. ராஜேந்திரன் கடாரத்துக்குப் படை அனுப்பியது 1025 வாக்கில். அதற்கு 200 வருஷத்துக்கு முன்பே அந்தக் கடலில் என்ன சரக்கு ஓடியது என்று பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அரியலூர் மாவட்டத்துச் சிவன் கோயில் ஒன்றிலிருந்து களவுபோன உமா பரமேஸ்வரி சிலை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, 2015இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் மெர்லயன். சரி, நாங்களும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இல்லாவிட்டால் சிங்கப்பூர் போனதையே ஊரில் நம்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையை எதற்கும் கொடுக்காதே. எதிர்வீட்டுப் பெரியம்மா மகன் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான், அவனுக்கு அன்றைக்கு மட்டும்தான் லீவு. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பெரியம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் அதிரசமும் கட்டித் தருகிறாள். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பையன்கள் அன்றைக்கு அங்கே நிறையப் பேர் கூடுவார்களாம். லிட்டில் இந்தியாவைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் எதற்கு, நம் கடைத்தெருவையே அங்கேயும் பார்ப்பானேன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இந்தப் பிள்ளைகளோடு ஒரு டீ குடிக்க வேண்டும். வேலை எப்படி, தங்குமிடம் எப்படி என்று அவன் வாயாலேயே கேட்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறானாம். முஸ்தபா கடைக்கு உன் அம்மாவை அந்தச் சமயத்தில் நீ கூட்டிப் போய்விடு. நகைக்கடைக்குள் அவள் நுழைந்தால் எனக்கு உட்கார இடம் கிடைக்காது.

மற்றதெல்லாம் விட்டுவிடலாம். மெரினா பே சாண்ட்ஸ் மாடியும் ஃபிளையர் ராட்டினமும் வேண்டாம், பாரேஜ் கூரையிலிருந்தே அந்தக் கட்டடங்கள் எல்லாம் தெரியும். மண்டாய்க்குப் போவதானால் பேரனுக்காக ஒரு நாள், மிருகக்காட்சிசாலை மட்டும். அங்கே டிராம் ஓடுகிறதாம், அம்மாவுக்கு நடக்க வேண்டாம். பறவை பார்க்கக் காசு கொடுப்பதில் எனக்கு மனமில்லை, நமக்குக் கோடிக்கரை இருக்கிறது. நைட் சஃபாரிக்குப் போனால் திரும்ப நடுராத்திரி ஆகும் என்கிறார்கள், அதையும் அடித்துவிடு.

இடங்களுக்குப் போகும்போது முடிந்த மட்டும் பஸ்ஸில் கூட்டிப் போ. மாடி பஸ்ஸில் மேலே முன்சீட்டு கிடைத்தால் ஊரே தெரியும் என்று இங்கே ஒருவர் சொன்னார், அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படி.

உன் அத்தையும் வருகிறேன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, அங்கே வாய்ப்புகையிலைக்குத் தடை. வெறும் வெற்றிலையோடு அவளால் ஒரு வாரம் இருக்க முடியுமா என்று நீயே கேள், நான் கேட்டால் சண்டை வரும்.

யூனிவர்சல் ஸ்டூடியோவுக்கு எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிடாதே. அங்கே நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கள். நாங்கள் அன்றைக்கு உங்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கிற மார்க்கெட்டில் மீன் என்ன விலை என்று பார்த்துக்கொண்டு, சமையலை முடித்து வைக்கிறோம். விசாவுக்குப் போட்டோ எந்த அளவில் வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா