மேல்தட்டுப் பெட்டி

அன்புள்ள வசந்தி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அக்கா மறுபடியும் தோட்டம் போடுகிறாளாமே? கிணற்றடிக் கதை திரும்ப நடக்காமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்குத் துணையாகப் போன மாதம் நீதிமன்றம் போயிருந்தேன். அவளை அடித்ததாகப் புருஷன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். "இனி நீ துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது" என்றார் நீதிபதி. அவனும் தலையாட்டினான். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காரில் வந்து உட்கார்ந்தவள் வண்டியை எடுக்கவே இல்லை. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "படுக்கையறை அலமாரி, மேல்தட்டு, ஷூ பெட்டிக்குள் இருக்கிறது. யார் போய் எடுப்பார்கள்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து இதையே தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெண்டாட்டியை அடித்த வழக்குகள் இங்கே பெரும்பாலும், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக அரசுத் தரப்போடு பேசும் பேரத்தில், சிறு குற்றமாகக் குறைந்துவிடும். துப்பாக்கித் தடையோ பெருங்குற்றத்துக்குத்தான் இருந்தது. நியூஜெர்சி செனட்டர் ஃப்ராங்க் லாட்டன்பெர்க் 1996இல் கொண்டுவந்த திருத்தம்தான், வீட்டுக்குள் அடித்த சிறு குற்றத்துக்கும் தடை என்று அதை மாற்றியது. போலீஸ்காரனுக்கும் ராணுவத்தானுக்கும்கூட விலக்கு கிடையாது. ஆனால் கூட வாழாத, குழந்தை இல்லாத காதலன் அதில் அடங்கவில்லை. அவனைச் சேர்க்க 2022 வரை ஆனது. அதிலும், முதல் தடவை என்றால் ஐந்து வருஷம் ஒழுங்காக இருந்தால் தடை நீங்கிவிடும். அடி வாங்கியவளுக்குக் காதலன் என்ன, கணவன் என்ன?

பாதுகாப்பு ஆணை பெற்றவளை மிரட்டுபவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று தீர்ப்பு சொன்னது. ரஹீமி வழக்கு. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த ஷூ பெட்டி? வைத்திருக்கக் கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். யாரிடம், எத்தனை நாளுக்குள் ஒப்படைப்பது என்று சொல்லவில்லை. சில மாநிலங்கள் தாங்களே விதி போட்டிருக்கின்றன, சில போடவில்லை.

ஒரு காகிதம் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸில் நடந்த துப்பாக்கிச்சூடு போதும். சுட்டவன், பெண்டாட்டியையும் அவள் குழந்தையையும் அடித்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். துப்பாக்கி வாங்க வருபவர்களின் பின்னணியைச் சோதிக்கும் எஃப்பிஐக்கு விமானப்படை அந்தத் தகவலை அனுப்பவில்லை. கடையில் சோதனையைத் தாண்டித் துப்பாக்கி வாங்கினான். 2017 நவம்பரில் தேவாலயத்தில், வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 உயிர்.

உன் அண்ணன் இதைப் படித்தால், "ஒரு தடவை கை நீட்டினதுக்கு ஆயுசு முழுக்கவா?" என்பான். அந்தக் கை எட்டும் தூரத்தில் படுத்து எழுந்தவள் யார் என்று கேள்.

துப்பாக்கியைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டதாக அவள் புருஷன் இப்போது சொல்கிறானாம். தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். நேற்று ராத்திரி வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர்தான். அதற்குள் அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அரசு வழக்கறிஞரைப் பார்க்க இரண்டு பேருமாகப் போகிறோம். என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதுகிறேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்,
கல்யாணி