ஓடத் தொடங்கியிருக்கும் நண்பனுக்கு, சப்பாத்துப் பற்றி

நீர்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது, வல்லைவெளியில் சைக்கிள் மிதிக்கிறது பெரும்பாடு. தோட்டத்தில் சில வாழைகள் முறிந்துபோக, தம்பி மிச்சத்துக்கு முண்டு கொடுத்துக்கொண்டு நிற்கிறான். கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை.

நீ ஓடத் தொடங்கியிருக்கிறாய் என்று வாசித்தபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை. சீனி கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னால் குளிசையைக் கூட்டிக்கொண்டு கதிரையிலேயே இருந்துவிடுகிறவர்கள்தான் எங்கள் வயதில் அதிகம். நீ எழும்பி வெளிக்கிட்டாய். அந்த ஓட்டம் ஒரு சப்பாத்தால் நின்றுபோகக்கூடாது. அதனால்தான் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

கடையில் உன்னை ஒரு கருவியில் ஏற்றி நிறுத்தி, தட்டைப் பாதம், உள்பக்கம் சாய்கிறது என்று சொல்லி, உள்பக்கச் சோல் கடினமான பாரச் சப்பாத்து ஒன்றைத் தந்திருக்கிறார்கள். அதைப் போட்ட நாள் தொடக்கம் முழங்காலின் வெளிப்பக்கம் நோகிறது என்கிறாய். முதலில் அந்த நோவை டொக்டரிடம் காட்டு. சப்பாத்தைப் பற்றி என் எண்ணத்தை இங்கே சொல்கிறேன்: நீ ஓடப்போகும் தரையை முதலில் பார், பிறகு உன் பாதத்தின் அகலத்தையும் நீளத்தையும் பார். பாதத்தின் வளைவு கடைசியில்தான் வரும். கடைக்காரர்கள் அநேகமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஓடும்போது பெரும்பாலானவர்களுக்குக் குதிக்காலின் வெளிப்பக்கம் முதலில் நிலத்தில் படும். பிறகு பாதம் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, வளைவு தாழ்ந்து, உடலின் பாரத்தை வாங்கும். அந்தச் சாய்வு ஒரு வருத்தமல்ல. அதிர்ச்சியைத் தாங்குவதற்கு உடம்புக்கு இருக்கிற வழியே அதுதான். 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் சப்பாத்துக் கம்பனிகள் இந்தச் சாய்வைத் தடுக்கவென்று உள்பக்கத்தில் கடினமான நுரையை வைக்கத் தொடங்கின. தட்டைப் பாதத்துக்குச் சாய்வைக் கட்டுப்படுத்தும் சப்பாத்து, நடுத்தர வளைவுக்கு ஓரளவு தாங்கும் சப்பாத்து, உயர்ந்த வளைவுக்கு மெத்தென்ற சப்பாத்து என்ற மூன்று பெட்டிக் கணக்கு அப்படித்தான் பரவியது. காலை நனைத்து விறாந்தைச் சீமெந்தில் வைத்து, பதிந்த ஈரத்தைப் பார்த்து வகை பிரிக்கிற முறையும் இதற்காகத்தான். நடுப்பகுதி முழுவதும் பதிந்தால் தட்டை, வெளிவிளிம்பில் ஒரு மெல்லிய கோடு மட்டும் பதிந்தால் உயர்ந்த வளைவு.

அந்த ஈர அடையாளம் நீ சும்மா நிற்கும்போது பாதம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாத வடிவத்தைப் பார்த்துச் சப்பாத்து; மற்றவர்களுக்கு வடிவத்தைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வகைச் சப்பாத்து. 2009, 2010ஆம் ஆண்டுகளில் வந்த முடிவுகளின்படி காயப்படுவதில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே சாதாரணச் சப்பாத்தைக் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2014இல் வந்த அந்த முடிவிலும், உள்பக்கம் சாயும் பாதக்காரர் மற்றவர்களைவிடக் கூடக் காயப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். லக்சம்பேர்க்கில் 372 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. அதில் உள்பக்கம் நன்றாகச் சாய்கிறவர்களுக்குக் கட்டுப்படுத்தும் சப்பாத்து உதவியிருக்கிறது. ஆகவே அந்த வகைச் சப்பாத்தே பிழை என்று நான் சொல்லமாட்டேன். அதைப் போட்டு நோவில்லாமல் ஓடுகிறவர் தொடர்ந்து போடட்டும். உனக்கு அது நோவைத் தருகிறது. உன் கால் வேண்டாம் என்று சொல்வதைக் கருவி வேண்டும் என்று சொன்னால், நான் காலின் பக்கம்தான் நிற்பேன். கல்கரிப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல காலம் ஆராய்ந்த பென்னோ நிக் 2015இல் தன் சகாக்களோடு எழுதியதும் ஏறத்தாழ இதுதான்: போட்டு ஓடும்போது சுகமாக இருக்கும் சப்பாத்தைத் தெரிவு செய்கிறவர், தன் உடம்புக்குப் பழகிய அசைவுக்கு ஏற்றதைத்தான் தெரிவு செய்கிறார்.

அகலத்துக்கு வருகிறேன். நாங்கள் ஊரில் வெறுங்காலோடும் பாட்டாச் செருப்போடும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்து, முன்பாதம் அகன்று, குதிக்கால் ஒடுங்கியிருக்கும். வளர்ந்த விதம் வளைவிலும் தெரியும்: 1992இல் வந்த ஓர் ஆய்வில் தென்னிந்தியாவில் 2300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். சப்பாத்துப் போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 வீதமானவர்களுக்குத் தட்டைப் பாதம்; வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 வீதம்தான். நீ வெளிநாட்டில் வாங்கும் சப்பாத்துகளில் பல ஒடுங்கிய முன்பாதத்துக்குச் செய்தவை. சின்னவிரல் நெரிந்து நகம் கறுத்தால் எவரும் வளைவைத்தான் குறை சொல்வார்கள், அகலத்தை நினைக்கமாட்டார்கள். பல கம்பனிகள் ஒரே அளவில் அகலமானதையும் செய்கின்றன. ஆண்களுக்கானதில் 2E என்று போட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கு. குதிக்கால் வழுகினால், மேலே கணுக்காலடியில் இருக்கும் கடைசித் துளைகளில் லேஸை வளையமாக்கி, எதிர்ப்பக்க நுனியை அதற்குள்ளால் எடுத்து இறுக்கு. குதிக்கால் பின்னுக்கு ஒட்டி நிற்கும்.

கடைக்குப் பின்னேரம் போ. பகலெல்லாம் நின்று நடந்தபின் பாதம் சற்றுப் பெருத்திருக்கும். ஓடும்போது போடுகிற சொக்ஸையே போட்டுக்கொண்டு போ. இரண்டு காலையும் அளக்கச் சொல், பெரிய காலுக்கு வாங்கு. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதைக் கவனி. பிறகு மூன்று நான்கு சோடியைப் போட்டுக் கடைக்கு வெளியே ஓடிப் பார். விலைச்சீட்டைக் கடைசியாகப் பார்.

இன்னொன்று, குதிக்கால் பக்கத்துக்கும் விரல் பக்கத்துக்கும் சோலின் உயரத்தில் உள்ள வித்தியாசம். வழமையான சப்பாத்துகளில் அது 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். இப்போது 4 மில்லிமீற்றரும் உண்டு, முற்றிலும் சமமானதும் உண்டு. சமமாகப் போகப் போகக் கெண்டைக்காலும் குதிக்காலின் பின்னால் உள்ள தசைநாணும் கூடப் பாரம் தாங்கவேண்டும். ஐம்பதைத் தாண்டிய எங்களுக்குத் திடீரென்று சமமான சப்பாத்துக்கு மாறுவது நல்லதல்ல. 8 அல்லது 10 போதும்.

சரி, இங்கே வந்து ஓட எதைக் கொண்டுவரலாம் என்று கேட்டாய். நீ வரப்போகிற நல்லூர்த் திருவிழா நேரம் எங்கள் தரை காய்ந்து இறுகியிருக்கும். கோப்பாய், நீர்வேலி, புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் ஒழுங்கைகள்தான் ஓடுவதற்கு நான் கண்ட தரைகளில் ஆகச் சிறந்தவை. தாரைவிட மெதுமை, மணலைவிட உறுதி. ரொறன்ரோவின் கொங்கிறீற்று நடைபாதைக்கு நீ வாங்கும் சாதாரண மெத்தென்ற சப்பாத்தே இதற்கும் போதும். மழைக்காலத்தில் வந்தால்தான் கதை வேறு. அப்போது செம்மண் சோலில் அப்பி ஒவ்வொரு காலும் பாரமாகும். அடியில் இடைவெளிவிட்டுப் புடைத்த கட்டைகள் உள்ள சோல் என்றால்தான் மண் உதிரும்.

பருத்தித்துறை வீதியில் ஓடினால் வாகனம் முன்னால் தெரிய வலப்பக்கக் கரையால் ஓடு. ஆனால் தார் றோட்டு மழைநீர் வடிவதற்காக நடுவிலிருந்து கரைக்குச் சரிந்திருக்கும். வலப்பக்கக் கரையில் ஓடும்போது இடதுகால் எப்போதும் மேட்டில், வலதுகால் பள்ளத்தில். இடதுபாதம் கூட உள்ளே சாயும், வலது வெளியே சாயும். நீண்ட தூரம் அப்படி ஓடினால் எந்தச் சப்பாத்தும் உன்னைக் காப்பாற்றாது. வாகனம் இல்லாத விடியப்புறத்தில் ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவதுதான் வழி. பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் ஓடும் ஆசை உனக்கு இருக்கும், எனக்குத் தெரியும். தரை நல்லது, ஆனால் சோளகம் பலமாக அடிக்கும். போகும்போது மெதுவாகப் போ.

கடற்கரைகள் எல்லாம் ஒன்றல்ல. காரைநகர்க் கசூரினாவில் ஈரமணல் இறுகியிருக்கும். அலை தொட்டுப்போகும் விளிம்பில் சுகமாக ஓடலாம். மணற்காட்டு மணல்மேடுகளில் ஒவ்வொரு அடியிலும் குதிக்கால் புதையும். அங்கே கெண்டைக்கால்தான் வேலை செய்யும், ஆகவே கொஞ்ச நேரம் போதும். வலைத்துணி நெருக்கமாக இல்லாத சப்பாத்துக்குள் மணல் புகுந்து தோலை உரித்துவிடும். கீரிமலையிலிருந்து பருத்தித்துறை வரை வடகரையில் பல இடங்களில் முருகைக்கல். அது கூர். அங்கே ஓட ஆசை என்றால், சோலுக்குள் கல் குத்தாத தகடும் 3, 4 மில்லிமீற்றர்க் கட்டைகளும் உள்ள காட்டுவழிச் சப்பாத்து ஒன்று கொண்டுவா. பனங்காணிகளுக்கும் அதுதான் நல்லது. விழுந்து கிடக்கும் மட்டையின் கருக்கு மெல்லிய துணியைக் கிழித்துவிடும். அந்தச் சப்பாத்தோடு தார் றோட்டில் ஓடித் திரியாதே, கட்டைகள் கெதியில் தேய்ந்துபோகும். இரண்டு சோடி வைத்திருப்பது வீண்செலவு என்று நினைக்காதே. 264 ஓட்டக்காரரை 22 கிழமை பார்த்த ஒரு லக்சம்பேர்க் ஆய்வில், சப்பாத்துகளை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் 39 வீதம் குறைவாகக் காயப்பட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஊருக்கு வந்தவுடன் பழைய நினைப்பில் வெறுங்காலோடு மணலில் இறங்கிவிடாதே. சீனி உள்ளவர்களுக்குப் பாதம் விறைத்துப்போய், முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாமல் போகலாம். நைலோன் நூல் ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் சோதனை இருக்கிறது. புறப்பட முதல் உன் டொக்டரிடம் அதைச் செய்துகொண்டு வா. நல்லூரில் 25 நாளும் வெறுங்கால்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தியான வெயிலில் அந்த வீதி மணலில் நிற்காதே. விடியவோ பின்னேரமோ போவோம். வீட்டுக்கு வந்து இருவரும் பாதத்தைக் கழுவி, துடைத்து, விரலிடுக்கு எல்லாம் பார்ப்போம்.

பள்ளிக்கூட மைதானத்தில் நான் ஓட்டம் பழக்குகிற பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் மனதுக்கு நன்றி மச்சான். அவர்களில் பலர் இல்ல விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி வெல்கிறவர்கள். எதியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மரதன் வென்றதை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 1964இல் டோக்கியோவில் சப்பாத்தோடு வென்றதையும் சேர்த்துத்தான் சொன்னேன். மைதானத்தில் அவர்கள் வெறுங்காலோடு ஓடட்டும், அவர்களின் பாதம் வலுக்கிறது. றோட்டுப் போட்டிக்குத்தான் சப்பாத்து வேண்டும். நான்கு பேருக்குத்தான் இப்போது அவசரம். உயரமான சோலும் காபன் தகடும் வைத்த விலைகூடிய சப்பாத்து வேண்டாம். வளர்கிற காலுக்குப் பாரமில்லாத, மடங்குகிற, முன்பக்கம் அகலமான சாதாரணச் சப்பாத்துத்தான் வேண்டும். வயதைச் சொல்லி வாங்காதே. அளவு எண்ணும் பிரித்தானியாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என்று மாறும். சப்பாத்தின் நாக்கில் சென்ரிமீற்றர் எண்ணும் போட்டிருக்கும், அதை மட்டும் பார். நால்வரின் பாதங்களையும் கடதாசியில் வரைந்து, நீளத்தையும் ஆகக்கூடிய அகலத்தையும் குறித்து இதோடு வைத்திருக்கிறேன்.

மலிவு விற்பனையில் கிடக்கும் பழைய இருப்பை வாங்காதே. இங்கே எத்தனையோ வீடுகளில் வெளிநாட்டுச் சப்பாத்து அலுமாரியில் வருடக்கணக்காகப் புதிதாகக் கிடக்கிறது. போட்டு ஓடினால் முதல்நாளே சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது, அல்லது கழன்று கையில் வருகிறது. எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் பொலியூரத்தேன் நுரையும் பசையும் பெட்டிக்குள் இருந்தபடியே கெட்டுப்போகும். புதிதாக வந்ததை வாங்கி வா. கொண்டுவந்தவுடன் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம், கிடப்பில் போட விடமாட்டேன்.

விமானச் சீட்டுப் போட்டவுடன் திகதியை எழுது. அறையை ஒதுக்கி வைக்கச் சொல்லி அம்மா இப்போதே கேட்கிறா. முழங்காலைப் பற்றி டொக்டர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நீர்வேலித் தோழன்