கயலுக்கு: தலைப்பை மாற்றாதே

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ கேட்டது இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "கொழுப்பைச் சுமக்கிற புரதத்துக்கும் செடியின் நோய்க்கும் என்ன சம்பந்தம் சித்தப்பா? கைடிடம் வேறு ஆய்வுத் தலைப்பு கேட்கட்டுமா?" என்றாய். கேட்காதே. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். உன்னைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் வேறு பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இங்கே போடுகிறேன்.

குழப்பமே 'கொழுப்பு கடத்தும் புரதம்' என்ற பெயரில்தான். 1975-இல் பிரான்சில் ழான்-குளோத் காதேர் உருளைக்கிழங்கிலிருந்து பிரித்த புரதம், சோதனைக்குழாயில் ஒரு சவ்விலிருந்து இன்னொரு சவ்வுக்குக் கொழுப்பை எடுத்துப்போனது. செல்லுக்குள் சரக்கு வண்டி இதுதான் என்று நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், இந்தக் குடும்பத்துப் புரதங்களில் பெரும்பாலானவை செல்லைவிட்டு வெளியேறி, செல் சுவரில் போய் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே சுமை தூக்க வேண்டிய ஆளுக்கு வாசலில் என்ன வேலை?

1993-இல் ஸ்பெயினில் ஒரு விடை கிடைத்தது. பார்லி, மக்காச்சோள இலைகளிலிருந்து எடுத்த இந்தப் புரதங்கள் பாக்டீரியாவையும் பூஞ்சாணத்தையும் வளரவிடாமல் தடுத்தன. இரண்டே வருடத்தில் வெங்காய விதையிலிருந்து ஓர் உறவுக்காரப் புரதம் வந்தது. கொழுப்பு உட்கார வேண்டிய அதன் நடுக்குழி அடைபட்டிருக்கிறது, கொழுப்பைச் சுமக்கவே முடியாது. ஆனாலும் பூஞ்சாணத்தைப் பிரமாதமாக அடக்குகிறது! பரோடாவில் இந்தப் புரதத்துக்கான மரபணுவை நெல்லில் ஏற்றியபோது குலை நோயும் இலையுறைக் கருகலும் குறைந்தன.

என்னைக் கேட்டால், இந்தக் கொல்லும் வேலையைவிடப் பெரிய விஷயம் டிர்1 என்ற மரபணு. ஓர் இலையில் நோய் தாக்கினால், தாக்காத மற்ற இலைகளும் சில நாட்களில் உஷாராகிவிடும் என்று 1961-லேயே புகையிலையில் காட்டிவிட்டார்கள். தகவல் எப்படிப் போகிறது?

இந்தச் சோதனையை நான் பல தடவை செய்திருக்கிறேன். ஊசி இல்லாத சிரிஞ்சை, ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் இலையின் அடிப்பக்கத்தில் வைத்து, மறுபக்கம் விரலால் தாங்கி, மெல்ல அழுத்த வேண்டும். பாக்டீரியா கலந்த நீர் உள்ளே பரவுவது கண்ணுக்கே தெரியும். எண்ணெய் பட்ட காகிதம் போல ஒரு கருந்திட்டு விரிந்துகொண்டே போகும். இரண்டு மூன்று நாள் கழித்து மேல் இலைகளில் அதையே செலுத்தினால், அங்கே பாக்டீரியா முன்போல் பெருக முடியாது.

2002-இல் மால்டொனாடோ, காமரன் குழுவினர் நேச்சர் இதழில் எழுதியது, டிர்1 பழுதான செடியைப் பற்றி. அடிபட்ட இலை வழக்கம்போலவே போராடுகிறது. மேல் இலைகளுக்குத்தான் தகவலே போவதில்லை. தாக்கப்பட்ட இலைகளின் காம்பை அறுத்து, கசியும் சாற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். நல்ல செடியின் சாற்றைக் கொடுத்தால் பழுதான செடியும் விழித்துக்கொள்கிறது. பழுதான செடியின் சாற்றுக்கு அந்தச் சக்தி இல்லை. அதாவது கேட்கும் காது இருக்கிறது, சொல்லும் வாய்தான் இல்லை. அந்தப் பழுதான மரபணுவைப் படித்தபோது, அது உன் கொழுப்பு கடத்தும் புரதம்! 2013-இல், அந்தப் புரதமே அடிபட்ட இலையிலிருந்து தூரத்து இலைக்குப் போய்ச் சேர்வதையும் காட்டிவிட்டார்கள்.

ஆனால் அது தன் குழிக்குள் எதை ஏந்திக்கொண்டு போகிறது? அசெலாயிக் அமிலம், கிளிசரால்-3-பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறுகள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 2008-இல் இந்தப் புரதத்தைப் படிகமாக்கி அதன் வடிவத்தைப் பார்த்தபோது, இரண்டு கொழுப்பு மூலக்கூறுகள் அந்தக் குழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. செடிக்குள் நிஜமாகப் பயணம் செய்வது எது என்பதில் இன்னும் முடிவு வரவில்லை. உன் கைடு உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பது சரியாக அந்த இடத்தில்தான் பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சிரிஞ்சு பிடிக்கக் கை பழக வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை வைத்துக் கீரை இலையில் தொடங்கலாம்.

அன்புடன்,
சித்தப்பா